மெகல்லனுக்கு முன்பே மாலுமிகள் கண்ட மெர்போக்

கெடா மாநிலத்தின் சுங்கை பட்டாணிக்கு வடமேற்கே, ஜெராய் மலையின் அடிவாரத்தில் உள்ள சிறுநகரம் மெர்போக். தமிழர்கள் கடாரம் என்றழைத்த பழைய வணிக நாட்டின் எச்சங்கள் இங்குள்ள பூஜாங் பள்ளத்தாக்கில்தான் கிடைத்துள்ளன. ஸ்பெயின் மன்னருக்காகப் புறப்பட்ட மெகல்லனின் கப்பல்கள் 1521-இல்தான் பிலிப்பைன்ஸை அடைந்தன. மெர்போக் ஆற்று முகத்துவாரமோ அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மாலுமிகளுக்குப் பழகிய இடம்.

இதற்கு முக்கியக் காரணம் ஜெராய் மலை. 1,217 மீட்டர் உயரமுள்ள இம்மலை, வங்கக் கடலைக் கடந்து வருவோருக்குத் தொலைவிலேயே தெரியும். இங்கே வந்து சேர்ந்த கப்பல்கள், பருவக்காற்று திசை மாறும்வரை தங்கிச் சரக்குகளை மாற்றிக்கொண்டன.

வந்தவர்களில் சிலரின் பெயர்கள் இன்றும் நிலைத்துள்ளன. பழைய கெடாவைச் சேர்ந்த செபராங் பிறையில் 1834-இல் ஜேம்ஸ் லோ கண்டெடுத்த கல்வெட்டு, புத்தகுப்தன் என்னும் 5-ஆம் நூற்றாண்டுக் கப்பல் தலைவனைக் குறிப்பிடுகிறது. 671-இல் சீனாவிலிருந்து புறப்பட்ட பௌத்தத் துறவி யீ ஜிங், கெடா வழியாகவே இந்தியா சென்றார். பட்டினப்பாலை கூறும் காழகம் கடாரமே என்கிறார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். கடார மன்னர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய புத்த விகாரைக்கு, முதலாம் இராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரை வழங்கினான். அவன் மகன் இராஜேந்திரன் 1025-இல் கடற்படை அனுப்பிக் கடாரங்கொண்டான் எனப் பெயர் பெற்றான்.

குவாரிச் வேல்ஸ் 1930-களில் இப்பள்ளத்தாக்கில் பல கோயில் அடித்தளங்களை அகழ்ந்தார். அவற்றுள் ஒன்றான புக்கிட் பத்து பஹாட் சண்டி, பின்னர் அதே இடத்தில் சீரமைக்கப்பட்டு, இன்று மெர்போக் அருங்காட்சியக வளாகத்தில் நிற்கிறது. சுங்கை பத்துவில் 2009 முதல் நடந்த அகழாய்வில், இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும் படகுத்துறைகளும் வெளிப்பட்டன.

ஆனால், எல்லாமே அருங்காட்சியக வேலிக்குள் இல்லை. பல தடயங்கள் தோட்டங்களிலும் தனியார் நிலங்களிலும் மண்ணுக்கடியில் கிடக்கின்றன. அவ்வாறு தனியார் நிலத்திலிருந்த 11-ஆம் எண் சண்டி, வீடமைப்புப் பணிக்காக நிலம் சமன்செய்யப்பட்டபோது இடிக்கப்பட்டது. 2013 டிசம்பரில் செய்தி வெளியாகிப் பெரும் கண்டனம் எழுந்தது. அச்சின்னம் பாரம்பரியச் சொத்தாக அரசிதழில் பதிவாகவில்லை என்பது அப்போதுதான் பலருக்கும் தெரிந்தது.

2005-ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டப்படி, பழம்பொருள் என்று கருதத்தக்க எதைக் கண்டெடுத்தாலும் பாரம்பரிய ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். மரம் நடக் குழி வெட்டும்போது தட்டுப்படும் பழஞ்செங்கல்லும் மணியும்கூட கடார வரலாற்றின் சான்றாக இருக்கலாம். இருந்த இடத்திலேயே அதை விட்டுவைத்துத் தகவல் தருவது, முதலில் காண்பவரின் கையில்தான் உள்ளது.