உட்செவி–விழி அனிச்சைச் செயல்
தலை அசையும்போது பார்வை கலங்காதிருக்க, விழிகளை ஏறக்குறைய அதே வேகத்தில் எதிர்த்திசைக்குத் திருப்பும் தன்னியக்கச் செயல். ஒவ்வோர் உட்செவியிலும் மூன்று அரைவட்டக் குழல்கள் உண்டு. தலை திரும்புகையில் அவற்றிலுள்ள நீர்மம் பின்தங்கி, கூழ்த்தன்மையுள்ள ஒரு திரையை வளைக்கிறது. அதில் தம் மயிர்களைப் பதித்துள்ள மயிர்க்கலங்கள் மூளைத்தண்டுக்குச் சேதி அனுப்புகின்றன. பாதையில் முக்கியமாக மூன்றே நரம்பணுக்கள். ஆகவே சுமார் 10 மில்லிநொடியில் விழி நகரத் தொடங்குகிறது. பார்வையை மட்டும் நம்பியிருந்தால் இந்த வேகம் கிட்டாது. இவ்வரியைப் படித்தபடி தலையை விரைவாக இடவலமாக ஆட்டினாலும் எழுத்து நிலைத்து நிற்கும். தலையை அசைக்காமல் தாளை அதே வேகத்தில் ஆட்டினால் மங்கிவிடும்.

இந்த அனிச்சைச் செயலின் அளவைச் சிறுமூளை ஓயாமல் திருத்துகிறது. புதுக் கண்ணாடி அணிந்த தொடக்கத்தில் தரை மிதப்பதாகத் தோன்றிப் பின் சரியாவது பெரிதும் இதனால்தான்.

வியன்னாவில் நோயாளிகளின் காதுகளை நீரால் கழுவிய மருத்துவர் ராபர்ட் பாரனி, குளிர்ந்த நீருக்கு ஒரு பக்கமும் வெந்நீருக்கு மறுபக்கமுமாக விழிகள் துடிப்பதைக் கண்டார். அதிலிருந்து பிறந்த, இந்த அனிச்சைச் செயலை ஆராயும் சோதனை இன்றும் வழக்கில் உள்ளது. 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி.

ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகள் மயிர்க்கலங்களைச் சிதைக்கக்கூடும். அப்போது நடக்கையில் காட்சி குதிக்கும்.