கறுப்பு வெள்ளை – 9: பதின்மூன்றாம் இடத்துக்காரர்

1914 ஏப்ரலில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சதுரங்கப் போட்டியில் அகிபா ரூபின்ஸ்டைன் சறுக்கிய கதைதான் இந்த வாரத்துக்குரியது. இரண்டே ஆண்டுகளுக்கு முன்பு சான் செபாஸ்டியன், பீஷ்டானி, பிரெஸ்லாவ், வார்சா, வில்னா என ஒரே வருஷத்தில் ஐந்து போட்டிகளில் முதலிடம் பிடித்தவர் அவர் (பிரெஸ்லாவில் மட்டும் துராஸோடு பங்கு). அப்பேர்ப்பட்டவர் பதினோரு பேர் ஆடிய முதற்கட்டத்தில் பத்துக்கு ஐந்து புள்ளி எடுத்து, இறுதிக்கட்டத்துக்குள்ளேயே நுழையாமல் வெளியேறினார். அந்தச் சறுக்கல் எவ்வளவு பெரியது என்று தெரிய வேண்டுமானால், அதே ஊரில் ஐந்து ஆண்டுகளுக்கு முன் நடந்த போட்டியைப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும். பார்க்கப் போனால் அங்கே தூஸ்-ஹோதிமிர்ஸ்கி உட்கார்ந்திருக்கிறார். அவரைத் தாண்டி வருவது அத்தனை சுலபமில்லை.

1909 பிப்ரவரி. முந்தைய ஆண்டு காலமான ரஷ்ய மாஸ்டர் சிகோரினின் நினைவாகப் போட்டி, பத்தொன்பது பேர். உலக சாம்பியன் இமானுவேல் லாஸ்கர் ஆட வந்திருந்தார். ரஷ்யப் பேரரசின் குடிமகனான ரூபின்ஸ்டைனுக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. இருவரும் தொடக்கச் சுற்றுகளிலேயே மோதிக்கொண்டார்கள். வெள்ளைக் காய் ரூபின்ஸ்டைனுக்கு.

பதினாறாவது நகர்த்தலில் அவர் மூலையில் கிடந்த யானையை சி1 கட்டத்துக்குக் கொண்டுவந்தார். அந்த வரிசையின் மறுகோடியில் லாஸ்கரின் ராஜா. ராஜாவுக்கு முன்னால் மந்திரி. லாஸ்கர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தன் யானையைக் கொடுத்து இ3-இல் இருந்த குதிரையை வெட்டினார். சிப்பாயால் அந்த யானையை வெட்டினால் லாஸ்கரின் ராணி செக்கோடு உள்ளே பாயும். ரூபின்ஸ்டைன் வெட்டவில்லை. சி1 யானையால் மந்திரியை அடித்து அவர் செக் வைத்தார். கறுப்புச் சிப்பாய் அந்த யானையைத் தின்றது. கணக்குப் பார்த்தால் வெள்ளைக்கு நஷ்டம். அப்போது வந்ததுதான் பதினெட்டாவது நகர்த்தல்: ராணி ஒரே ஒரு கட்டம் நகர்ந்து சி1-இல் அமர்ந்தது. செக் இல்லை, வெட்டு இல்லை. ஆனால் இ3-இல் நிற்கும் கறுப்பு யானையை நகர்த்தினால் அதன் பின்னால் இருக்கும் ராணி போகும். நகர்த்தாவிட்டால் யானை போகும். போதாததற்கு சி6-இல் செக் வேறு காத்திருக்கிறது. கடைசியில் ஒரு சிப்பாய் குறைவாக, யானைகள் மட்டும் மிஞ்சிய ஆட்டத்தில் மாட்டிக்கொண்ட லாஸ்கர், 41-ஆவது நகர்த்தலில் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

சாம்பியனை நேருக்கு நேர் வென்ற ரூபின்ஸ்டைன் போட்டியையும் தனியாக வென்றிருக்க வேண்டும் அல்லவா? இல்லை. முடிவில் இருவருக்கும் 18-க்கு பதினாலரை. மூன்றாம் இடத்தைப் பகிர்ந்த துராஸும் ஷ்பீல்மானும் எடுத்தது பதினொன்றுதான். மூன்றரைப் புள்ளி இடைவெளி. அந்த இரண்டு பேரையும் எட்டிப் பிடிக்க ஆளே இல்லை.

வீழ்த்த மட்டும் ஒருவர் இருந்தார். ஃபியோதர் தூஸ்-ஹோதிமிர்ஸ்கி, 1879-இல் செர்னிகோவில் பிறந்தவர், அந்தப் போட்டியில் லாஸ்கரையும் தோற்கடித்தார், ரூபின்ஸ்டைனையும் தோற்கடித்தார். அவர் எடுத்த மொத்தப் புள்ளி எட்டு. இடம்? பதின்மூன்று! எட்டில் இரண்டு, உலகத்தின் தலைசிறந்த இரண்டு பேரிடமிருந்து பிடுங்கியவை. மற்றவர்கள் பதினாறு பேரிடம் சேர்த்து அவருக்குக் கிடைத்தது ஆறே ஆறு.

இதைக் குருட்டு அதிர்ஷ்டம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. ஒரு நாள் அதிர்ஷ்டம் என்றால் ஒத்துக்கொள்ளலாம். ஒரே போட்டியில் இரண்டு சிகரங்களையும் சாய்த்தவரை அப்படிச் சொல்வது அநியாயம். தூஸ் லாஸ்கரை வென்று ரூபின்ஸ்டைனிடம் மட்டும் தோற்றிருந்தால், ரூபின்ஸ்டைன் பதினைந்தரையோடு தனி முதலிடம். சாம்பியனை ஒரு முழுப் புள்ளி பின்தள்ளிய ஆளை ஐரோப்பா வேறு மாதிரி பார்த்திருக்கும்.

தூஸுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. மாஸ்கோவில் அவரிடம் பாடம் கேட்ட பையன்களில் ஒருவன் அதே 1909-இல், அதே ஊரில், கூடவே நடந்த அமெச்சூர் போட்டியில் முதலிடம் பிடித்து மாஸ்டர் பட்டம் வாங்கினான். பரிசு, ஜார் மன்னர் கொடுத்த பீங்கான் ஜாடி. வயது பதினாறு. பெயர் அலெக்சாண்டர் அலேகின். குருநாதரோ அதற்குப் பிறகும் பல காலம் ஆடினார். 1925 மாஸ்கோ போட்டியில் லாஸ்கர், கபாபிளாங்கா, ரூபின்ஸ்டைன் மூவரோடும் அவர் பெயரும் பட்டியலில் இருக்கிறது. சர்வதேச மாஸ்டர் பட்டம் 1950-இல்தான் வந்தது, எழுபது வயதில். 1965 வரை வாழ்ந்தார்.

ரூபின்ஸ்டைனுக்குப் பட்டத்துக்கு ஆடும் வாய்ப்பு தள்ளிப்போனதற்கு லாஸ்கரை வில்லன் என்று சொல்ல மனம் வரவில்லை. 1909 போட்டியைப் பற்றிய புத்தகத்தை எழுதியதே அவர்தான். தான் தோற்ற ஆட்டங்களையும் அதில் மறைக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் யாரோடு மோதுவது, எவ்வளவு பணத்துக்கு மோதுவது என்று சாம்பியனே தீர்மானிப்பார். 1910-இல் அவர் பட்டத்துக்காக ஆடியவர்களில் ஒருவர் யானோவ்ஸ்கி. யானோவ்ஸ்கிக்கு நார்டுஸ் என்ற ஓவியர் பணம் போட்டார்; பதினோரு ஆட்டத்தில் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. ரூபின்ஸ்டைனுக்குப் பின்னால் அப்படியொரு பணப்பை இல்லை. திறமை வரிசையில் நின்றது, பணம் பின்வாசல் வழியாக உள்ளே போனது.

ஒருவழியாக 1914 இலையுதிர்காலத்தில் லாஸ்கர்–ரூபின்ஸ்டைன் பட்டப் போட்டிக்குப் பேச்சு கூடிவந்தது. அதற்கு முன்னோட்டமாகத்தான் எல்லோரும் அந்த வசந்தத்தின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போட்டியைப் பார்த்தார்கள். முதற்கட்டத்தில் லாஸ்கரே ரூபின்ஸ்டைனைத் தோற்கடித்தார். ரூபின்ஸ்டைன் வெளியே; இறுதியில் லாஸ்கர் பதின்மூன்றரை, கபாபிளாங்கா பதின்மூன்று, மூன்றாவதாகப் பத்துப் புள்ளியோடு அந்த ஜாடிப் பையன் அலேகின்.

ஜூலையில் ஜெர்மனியின் மான்ஹெய்ம் நகரில் அடுத்த போட்டி. பதினோரு சுற்று முடிந்து அலேகின் ஒன்பதரையோடு முன்னணியில் இருந்தபோது ஜெர்மனி ரஷ்யாமீது போர் அறிவித்தது. பட்டப் போட்டி கைவிடப்பட்டது. மான்ஹெய்மில் இருந்த ரஷ்ய ஆட்டக்காரர்களை ஜெர்மானியர்கள் சிறைப்பிடித்தார்கள். ராஷ்டாட் சிறையில் அலேகினும் போகோல்யுபோவும் பலகையில்லாமல் ஆடிய ஆட்டங்கள் அடுத்த வாரம்.