ஒலிநூல்

ஒலிநூல் என்பது அச்சேறிய நூலொன்றை வாசித்துப் பதிவு செய்து, செவிவழி நுகரத் தரும் வெளியீட்டு முறையாகும். 1877-இல் எடிசன் கண்ட போனோகிராப் இதற்கு அடிகோலிற்று. 1930-களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பார்வையற்றோர் பொருட்டு நூல்கள் இசைத்தட்டுகளில் பதிவாயின.

தமிழில் இம்முறைக்குத் தலைசிறந்த உதாரணம், பழைய தஞ்சை ஜில்லாவின் புத்தமங்கலத்தில் 1899-இல் பிறந்த கல்கி, 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக எழுதிய 'பொன்னியின் செல்வன்' நாவலைப் பாம்பே கண்ணன் பல கலைஞர்களின் குரலில் உருவாக்கிய பதிவாகும். தனியொருவர் வாசிக்கையில் பாத்திரபேதம் தொனியொன்றாலேயே புலப்பட வேண்டியிருக்க, பல்குரல் முறையிலோ ஆழ்வார்க்கடியானின் வாதப் பிரதிவாதமும் நந்தினியின் நயவஞ்சக மென்மொழியும் தத்தமக்குரிய குரலைப் பெற்று, ஏறக்குறைய நாடகமாகவே பரிணமிக்கின்றன. பூங்குழலியின் பாட்டை வசனமாக ஒப்பிப்பதா, ராகத்தில் பாடுவதா என்பது போன்ற பிரச்னைகள், கண்ணால் வாசிப்போர்க்கு எழாதவை.

கல்கியின் படைப்புகள் நாட்டுடைமையானமையால் அவற்றைப் பதிவு செய்ய உரிமைத் தடையில்லை. 1982-இல் மறைந்த தஞ்சை எழுத்தாளர் தி. ஜானகிராமனின் நாவல்களுக்கோ, இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைவுக்குப் பின் அறுபதாண்டுகள் பதிப்புரிமை நிலவுவதால், உரிமையாளரின் சம்மதம் இன்றியமையாதது.