போகோ ஹராம்

போகோ ஹராம், நைஜீரியாவின் வடகிழக்கிலுள்ள போர்னோ மாநிலத்தில் தோன்றிய இஸ்லாமியத் தீவிரவாத இயக்கம். 2002 வாக்கில் மைதுகுரி நகரில் முகம்மது யூசுஃப் என்ற மதபோதகர் இதைத் தொடங்கினார். மேற்கத்தியக் கல்வியும் மதச்சார்பற்ற ஆட்சியும் மார்க்கத்துக்கு விரோதமானவை என்று அவர் போதித்தார். வறுமையிலும் அரசின் ஊழலிலும் வெறுத்துப்போயிருந்த இளைஞர்கள் அவர் பின்னால் திரண்டனர்.

2009 ஜூலையில் இயக்கத்தினருக்கும் பாதுகாப்புப் படைகளுக்கும் மூண்ட மோதலில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். இராணுவம் உயிருடன் பிடித்துக் காவல்துறையிடம் ஒப்படைத்த யூசுஃப், விசாரணையே இன்றிக் காவலில் கொல்லப்பட்டார். சட்டத்தை மீறிய அந்தக் கொலை இயக்கத்தை அழிக்கவில்லை; பழிவாங்கும் வெறியையே ஊட்டியது. அடுத்துத் தலைமையேற்ற அபூபக்கர் ஷெகாவ் காலத்தில் பள்ளிகள், சந்தைகள், தேவாலயங்கள், மசூதிகள் எல்லாமே தாக்குதலுக்கு உள்ளாயின. பலியானவர்களில் முஸ்லிம்களே மிகுதி. 2011 ஆகஸ்டில் அபுஜாவிலிருந்த ஐ.நா. அலுவலகமும் குண்டுத் தாக்குதலுக்கு உள்ளானது.

அதற்குப் பிறகும் அமெரிக்கா இயக்கத்தைப் பயங்கரவாத அமைப்பாக அறிவிக்கத் தயங்கியது. 2012 ஜூனில் ஷெகாவ் உள்ளிட்ட மூவரை மட்டும் பயங்கரவாதிகள் பட்டியலில் சேர்த்தது. அறிவிப்பு இயக்கத்துக்கு உலகப் புகழ் தேடித்தரும், நிவாரணப் பணியையும் பேச்சுவார்த்தையையும் முடக்கும், இராணுவத்தின் அத்துமீறலுக்கு இடங்கொடுக்கும் என்று ஆப்பிரிக்கா குறித்து ஆய்வு செய்யும் அறிஞர்கள் சிலர் எச்சரித்தனர். நைஜீரிய அரசும் எதிர்த்தது. அந்த அச்சங்களை அற்பமென்று தள்ளிவிட முடியாது. ஆனால் கொலைகள் பெருகின. 2013 ஜூனில் நைஜீரியாவும், ஜூலையில் பிரிட்டனும் தடை விதித்தன. நவம்பரில் அமெரிக்கா, இயக்கத்தையும் அதிலிருந்து பிரிந்த அன்சாருவையும் பட்டியலில் சேர்த்தது. சிபோக் பள்ளியிலிருந்து 276 மாணவியரை இயக்கம் கடத்திய அடுத்த மாதம், 2014 மே 22 அன்று, ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் தடைக்குழுவும் அதன் பெயரைத் தன் பட்டியலில் சேர்த்தது.

பட்டியலில் இடம்பெற்றால் சொத்துகள் முடக்கப்படும். பயணத்துக்கும் ஆயுதம் பெறுவதற்கும் தடை வரும். உதவுவோர் குற்றவாளிகள் ஆவர். போகோ ஹராமின் வருவாயோ பெரும்பாலும் பிணைத்தொகை, கால்நடைக் கொள்ளை, கிராமங்களில் மிரட்டிப் பிடுங்கும் பணம் எனக் கைரொக்கமாகவே புரண்டது. வங்கிக் கணக்குகளைக் குறிவைத்த தடை அங்கே போதிய அளவு எட்டவில்லை.

2015 மார்ச்சில் ஷெகாவ் ஐ.எஸ். அமைப்புக்கு விசுவாசம் அறிவித்தார். மறு ஆண்டே இயக்கம் பிளவுபட்டது. பிரிந்த மேற்கு ஆப்பிரிக்க ஐ.எஸ். பிரிவை 2018-இல் அமெரிக்கா தனியே பயங்கரவாத அமைப்பாக அறிவித்தது. அப்பிரிவுடன் 2021 மே மாதம் நடந்த மோதலில் ஷெகாவ் இறந்தார். சிபோக் மாணவியரில் எண்பதுக்கும் மேற்பட்டோர் பத்தாண்டு கடந்தும் வீடு திரும்பவில்லை.