கட்டுச்சோறு அவிழ்ந்த கதை

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் குடும்பங்கள் சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ போய்த் திரும்பினால், பார்த்த கட்டடங்களை விட அதிகமாகப் பேசுவது ஏதோ ஓர் இரவில் ஹோட்டலில் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டதைப் பற்றித்தான். பாட்டி முதல் பேரன் வரை ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒருவர் சமைத்ததை இன்னொருவர் பரிமாறச் சாப்பிட்ட சாப்பாடு. கையில் காசு புரள்கிறது, விமானக் கட்டணமும் எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது, அதனால் இது வாய்த்தது என்று காரணம் சொல்வார்கள். அது பாதிக் காரணம்தான். இந்த வானம் பார்த்த பூமியில் காசு பார்த்தவர்களும் ஊர் ஊராகப் போனவர்களும் நூறு வருஷத்துக்கு முன்பே இருந்தார்கள். அவர்கள் பெண்டு பிள்ளைகளோடு வெளியூர்க் கடையில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. உட்கார இடம் இல்லாததுதான் காரணம். வெளியூர் விருந்தின் வரலாறு, என் கணிப்பில், பலகாரத்தின் வரலாறோ பயணத்தின் வரலாறோ அல்ல, பெஞ்சின் வரலாறு.

கரிசல் மண்ணில் மழை ஒரு வருஷம் பெய்தால் மறு வருஷம் பொய்க்கும். கம்பும் சோளமும் பருத்தியும் மிளகாயும் விளைந்தாலும் நிலத்தை மட்டும் நம்பிக் காலம் தள்ள முடியாது. அதனால் தறியும் வண்டியும் இந்த ஊர்களின் இரண்டாவது விவசாயமாக இருந்தன. தேவாங்கரும் சாலியரும் நெய்த துணி வெளியூர்ச் சந்தைக்குப் போயிற்று. விருதுபட்டி, சாத்தங்குடி, சிவகாசி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஆறு ஊர் நாடார்கள் மாட்டுவண்டிகளில் சரக்கு ஏற்றிச் சென்றார்கள். 1876-இல் மதுரை–தூத்துக்குடி ரயில் பாதை வந்ததும் விருதுபட்டி பெரிய சந்தையானது. ஆனால் இந்த வணிகர்கள் வழியில் தங்கியது எங்கே? சுவர் எழுப்பிய தங்கள் சொந்தப் பேட்டைகளில். வண்டி நிறுத்தவும் மாடு கட்டவும் பொங்கித் தின்னவும் அங்கேதான் இடம். செலவுக்கு வியாபாரிகளிடமே மகமை வசூல். பேட்டை இல்லாத வழியில் கண்மாய்க் கரையில் மூன்று கல் கூட்டி உலை வைத்தார்கள், இல்லையென்றால் கட்டுச்சோற்றை அவிழ்த்தார்கள். புளிக்காய்ச்சலை நல்லெண்ணெயில் சுண்ட வைத்து, ஆறிய சோற்றில் பிசைந்து, தண்ணீர்க் கை படாமல் இலையில் கட்டினால் இரண்டு நாள் தாங்கும். அந்தப் பக்குவத்தின் பெருமையை எல்லோரும் பேசுவார்கள். அது எதற்காகத் தேவைப்பட்டது என்பதைப் பேசுபவர்கள் குறைவு.

அந்தக் காலத்து ஹோட்டல் எப்படி இருந்தது என்பதற்குத் திருச்சுழிப் பையன் ஒருவரின் பயணமே நல்ல சாட்சி. 1879-இல் அங்கே பிறந்த வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி, பதினாறு வயதில் மதுரையிலிருந்து ரயிலேறித் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார். 1896 ஆகஸ்ட் 30 அன்று விழுப்புரத்தில் ஒரு ஹோட்டலில் சோறு கேட்டபோது, உச்சிவேளை வரை காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்து சாப்பிட்டுவிட்டு இரண்டணாவை நீட்டினார். பையனிடம் மொத்தமே இரண்டரை அணாதான் என்று தெரிந்ததும் கடைக்காரர் காசை வாங்க மறுத்துவிட்டார். மனசை நெகிழ்த்தும் சம்பவம்தான். அதிலிருந்து வரலாற்றுக்குக் கிடைப்பது வேறு. சோறு வீட்டைப் போலவே குறித்த வேளையில்தான் வெந்தது. விலையைக் கடைக்காரரே விட்டுக்கொடுத்தார். வந்தவர் பிராமணப் பையன். அதாவது அன்றைய ஹோட்டல் வீட்டுச் சமையற்கட்டின் நீட்சியாகத்தான் இருந்தது. அவருடைய தந்தை சுந்தரம் ஐயர் திருச்சுழியில் தம் வீட்டை இரண்டு பகுதியாகக் கட்டி, ஒன்றை விருந்தாளிகளுக்கென்றே விட்டிருந்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. வீடு ஹோட்டலின் வேலையைச் செய்தது, ஹோட்டல் வீட்டின் வழக்கத்தைக் காத்தது. அதே திருச்சுழிப் பக்கத்துப் பருத்தி வண்டிக்கார நாடார் ஒருவர் அன்று அந்த வாசலில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடுத்த வருஷமே, 1897-இல், கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். அதன் மேல் போட்ட வழக்கு பிரிவி கவுன்சில் வரை போய் 1908-இல் அவர்களுக்கு எதிராக முடிந்தது. சாமி சன்னிதியில் மறுக்கப்பட்டவருக்குச் சாப்பாட்டுப் பந்தியில் இலை விழுந்திருக்கும் என்று நம்ப இடமில்லை. அவருக்கும் கீழே தள்ளப்பட்டிருந்தவர்கள் வாசல் வரை வரக்கூட முடிந்திருக்காது.

சத்திரங்கள் எல்லோருக்கும் சோறு போட்டனவே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ராணி மங்கம்மாளின் பெயர் சொல்லும் சத்திரம் மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இன்றும் நிற்கிறது. ராமேஸ்வரப் பாதை நெடுகச் சேதுபதிகள் சத்திரங்கள் கட்டினார்கள். தஞ்சை மன்னர் சரபோஜி 1801-இல் எழுதிய கடிதத்தில், தம் நாட்டுச் சத்திரங்களில் பிராமணர் முதல் பறையர் வரை எல்லா வழிப்போக்கர்களுக்கும் உணவு உண்டு என்கிறார். ஆனால் அதே கடிதம் சமைத்த சோற்றை ஏற்க முடியாதவர்களுக்கு அரிசியாகவே கொடுப்பதாகவும் சொல்கிறது. பசி எல்லோருக்கும் பொதுவாக இருந்தது, பந்தி பொதுவாக இல்லை. தவிர, சத்திரத்துச் சோறு தர்மம். வாங்குபவர் இன்னது வேண்டும் என்று கேட்க முடியாது. காசு கொடுப்பவருக்குத்தான் கேட்கும் உரிமை உண்டு. அந்த உரிமை இல்லாத இடத்தில் விருந்து என்ற சொல்லுக்கே வேலையில்லை.

கடல் தாண்டினாலும் இந்தக் கட்டு அவிழவில்லை. பழைய ராமநாதபுரம் மாவட்டத்து நகரத்தார்கள் ரங்கூனிலும் சிங்கப்பூரிலும் பெரிய அளவில் கொடுக்கல் வாங்கல் நடத்தியவர்கள். அவர்கள் கிட்டங்கியில் தங்கி, பெட்டியடியில் கணக்குப் பார்த்து, ஊரிலிருந்து வந்த சமையற்காரர் ஆக்கியதைச் சாப்பிட்டார்கள். வீட்டுப் பெண்கள் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தார்கள். பணமும் பயணமும் போதும் என்றால், குடும்பத்தோடு வெளிநாட்டு ஹோட்டலில் சாப்பிட்ட முதல் தலைமுறை அவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஆக, திருப்பம் வந்தது வேறு இடத்தில். தென்னிந்திய ரயில் நிலைய உணவு விடுதிகளில் பிராமணருக்குத் தனி இடம் என்றிருந்த ஏற்பாடு, பெரியாரின் எதிர்ப்புக்குப் பிறகு 1941-இல் ஒழிந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம், ஹோட்டலில் நுழைய சாதி தடையாக முடியாது என்று பெயர் குறித்தே சொன்னது. 1955-இன் தீண்டாமைக் குற்றச் சட்டம் தடுப்பவருக்குத் தண்டனை வைத்தது. 1957-இல் சென்னை முரளி கபேயின் பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லி மறியல் நடந்தது. இவையெல்லாம் ஆணுக்குத் திறந்த வாசல்கள். குடும்பத்துப் பெண் கடையில் உட்கார்ந்து சாப்பிடுவது கௌரவக் குறைச்சல் என்ற எண்ணம் இன்னும் நீடித்தது. அதற்குச் சிறுநகரத்து ஹோட்டல்கள் கண்டுபிடித்த வழிதான் ‘ஃபேமிலி ரூம்’: பலகைத் தடுப்பு, திரைச்சீலை, உள்ளே நாலு நாற்காலி. இன்று பார்த்தால் சிரிப்பு வரலாம். ஆனால் அம்மாவும் மகளும் வெளியூர்ச் சாப்பாட்டைச் சூடாகச் சாப்பிட்டது முதலில் அந்தத் திரைக்குப் பின்னால்தான். மறைத்து வைத்துப் பழக்கியது அது. பழகிய பிறகு திரை தேவைப்படவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. இன்றும் வெளிநாடு போகிறவர்கள் பருப்புப்பொடியும் ஊறுகாயும் கட்டிக்கொண்டுதானே போகிறார்கள், சிங்கப்பூர் போனால் சிராங்கூன் ரோட்டில் 1947-இலிருந்து நடக்கும் கோமள விலாஸைத்தானே தேடுகிறார்கள், பழைய பயமும் நாக்கு ருசியைப் பற்றியதாகவே இருந்திருக்கக் கூடாதா? கூடாது. பிடிக்காததால் சாப்பிடாமல் இருப்பதும், விடமாட்டார்கள் என்பதால் சாப்பிடாமல் இருப்பதும் ஒன்றல்ல. பொடிப் பாட்டில் வைத்திருப்பவர் விரும்பினால் பக்கத்துக் கடையில் நூடுல்ஸும் வாங்கலாம். கட்டுச்சோற்றுக்காரருக்கு அந்த விருப்பமே கிடையாது. வலுவான மறுப்பு இன்னொன்று: சட்டம் வந்தும் தென்மாவட்டக் கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை நெடுங்காலம் இருந்ததே? இருந்தது. அது என் வாதத்தை மறுக்கவில்லை, இன்னும் கூர்மையாக்குகிறது. ரோடும் பஸ்ஸும் போன ஊரில்கூட பெஞ்சு தானாக வந்துவிடவில்லை, ஒவ்வோர் இடத்திலும் யாரோ கேட்டு வாங்க வேண்டியிருந்தது. சொந்த ஊர் டீக்கடையில் நின்று குடித்தவரின் பிள்ளை, பெயரும் ஊரும் கேட்காத ஒரு நகரத்தில் தன் பெற்றோரை உட்கார வைத்துப் பில் கட்டும்போது, அந்தச் சாப்பாடு ஏன் வருஷக்கணக்கில் பேசப்படுகிறது என்பதற்கு மெனு கார்டில் விடை கிடைக்காது. வெளிநாட்டில் கிடைத்த அந்த மரியாதை உள்ளூர்க் கடையிலும் யாரும் கேட்காமலே கிடைக்கிறதா என்பதுதான் இனி கணக்குப் பார்க்க வேண்டியது.