பெற்றவளும் மாதாவும்

மரியாளைக் கடவுளின் தாய் என்று சொல்லலாமா என்ற சர்ச்சை அடிப்படையில் மரியாளைப் பற்றியது அல்ல. அவள் பெற்ற குழந்தை யார் என்பதைப் பற்றியது. தமிழில் இது மறைந்துபோனதற்கு ஒரு வார்த்தை காரணம் என்று நினைக்கிறேன்.

'தியோதோகோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு நேர்ப்பொருள் 'கடவுளைப் பெற்றவள்'. கான்ஸ்டாண்டிநோபிளின் பேராயர் நெஸ்தோரியஸ் இதை ஏற்கத் தயங்கினார். தன்னைவிட மூத்தவரை ஒருத்தி எப்படிப் பெறமுடியும்? கிறிஸ்துவைப் பெற்றவள் என்றால் போதும் என்றார். அலெக்சாந்திரியாவின் சிரில் மறுத்தார்: பிறந்த குழந்தை ஒன்றே, அதைக் கடவுள் வேறு மனிதன் வேறு என்று பிரிக்கமுடியாது. 431ல் எபேசு சங்கம் சிரிலின் பக்கம் நின்றது. நெஸ்தோரியஸ் பதவியிழந்து, எகிப்தில் நாடுகடத்தப்பட்ட நிலையில் இறந்தார்.

சண்டை நம் பக்கமும் வந்தது. 1599ல் கோவாவின் பேராயர் மெனேசிஸ் கேரளத்து உதயம்பேரூரில் சங்கம் கூட்டினார். கிழக்குச் சிரியத் திருச்சபையோடு உறவுகொண்டிருந்த தோமா கிறிஸ்தவர்களின் ஏடுகளில் கண்ட பிழைகளில் 'கடவுளின் தாய்' மறுப்பும் ஒன்று. ஏடுகள் எரிக்கப்பட்டன.

தமிழ்க் கத்தோலிக்கரின் பழைய ஜெபத்தில் வந்தது 'சர்வேசுரனுடைய மாதா'. லத்தீனுக்குச் சரியான சொல்தான். ஆனால் தமிழில் பெறாமலே தாயாகலாம்; செவிலியும் தாய்தான். பிறப்பில்லாத சிவன் காரைக்கால் புனிதவதியை 'அம்மையே' என்றழைத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. அது அன்பு கொடுத்த உரிமை. எபேசு பேசியது பிரசவத்தை.

மாதா என்றதும் தமிழ் மனம் அம்மனிடம் போய்விடுகிறது. விருத்தாசலத்து அம்மன் பெரியநாயகி. அருகே கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் எழுப்பிய கோவிலின் மாதாவும் பெரியநாயகி. எங்கள் தட்டாஞ்சாவடியிலிருந்து வில்லியனூர் லூர்து மாதாவிடம் நேர்ந்துகொள்ளப் போகிற இந்துக்களுக்கும் எந்தத் தடையும் தோன்றுவதில்லை. இங்கே புரொட்டஸ்டண்டுகள் கூசுவதும் இந்த அம்மனிடம்தான். லுத்தரன்களின் 1577ஆம் ஆண்டு விசுவாச அறிக்கை அந்தப் பட்டத்தை ஏற்றே இருக்கிறது.

1994ல் போப் இரண்டாம் ஜான் பாலும் கிழக்குத் திருச்சபையின் மார் தின்காவும் கையெழுத்திட்ட அறிக்கை, கடவுளின் தாய், கிறிஸ்துவின் தாய் என்ற இரண்டும் ஒரே விசுவாசத்தின் சொற்களே என்றது. எரிந்த ஏடுகளுக்கு இது எட்டாது.

'பெற்றவள்' என்று வைத்திருந்தால் கும்பிடுவது இவ்வளவு சுலபமாக இருந்திருக்காது. அந்தச் சொல்லில் வலியும் ரத்தமும் இருக்கின்றன. கடவுள் அதற்குள் வந்தாரா இல்லையா என்று கேட்டுக்கொள்ள நேர்ந்திருக்கும். எபேசில் கேட்டது அதைத்தான்.