டவுன் நோய்த்தொகையில் கழுத்து நிலையின்மை: வரலாறு

டவுன் நோய்த்தொகை உள்ள குழந்தைகள் சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையிலான மூட்டு தளர்ந்திருக்கும். இதுவே கழுத்து நிலையின்மை எனப்படுகிறது. மண்டையோட்டைத் தாங்கும் முதல் எலும்பு அட்லஸ், அடுத்தது ஆக்சிஸ். ஆக்சிஸிலிருந்து மேல்நோக்கி நீளும் பல் போன்ற முளையை ஒரு குறுக்கு இணைநார் அட்லஸோடு சேர்த்துப் பிடித்திருக்கிறது. இக்குழந்தைகளுக்கு இணைநார்கள் தளர்வாக இருப்பதால் அட்லஸ் முன்னோக்கி நழுவக்கூடும். நழுவல் மிகுந்தால் பின்னால் உள்ள தண்டுவடம் நசுங்கும்.

கண்டறிதல்

இங்கிலாந்து மருத்துவர் ஜான் லாங்டன் டவுன் இந்நோய்த்தொகையை 1866இல் விவரித்தார். கழுத்தின் மீது மருத்துவர்களின் கவனம் திரும்ப ஏறத்தாழ நூறாண்டுகள் ஆயின. 1961இல் ஸ்பிட்சரும் உடன் ஆய்வாளர்களும் இதைக் குறிப்பிட்டனர். 1965இல் டிஷ்லர், மார்ட்டெல் ஆகியோர் அட்லஸ் இடப்பெயர்வைப் பற்றித் தனிக் கட்டுரை வெளியிட்டனர்.

விளையாட்டுக் களத்தில் கட்டுப்பாடு

அறிவுத்திறன் குறைபாடு உடையோருக்கான சிறப்பு ஒலிம்பிக்ஸ் 1968இல் சிகாகோவில் தொடங்கியது. 1983இல் அவ்வமைப்பு, டவுன் நோய்த்தொகை உள்ளவர்கள் சீருடற்பயிற்சி, நீர்ப்பாய்ச்சல், உயரம் தாண்டுதல் முதலியவற்றில் கலந்துகொள்ளும் முன் கழுத்து எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்க வேண்டும் என விதித்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் 1984இல் இதை ஆதரித்தது. எனவே ஓடியாடி விளையாடுவதற்கு ஒரு படத்தின் அனுமதி தேவைப்பட்டது.

கருத்து மாற்றம்

1987இல் பூஷெல், ஸ்கோலா ஆகியோர் 404 பேரை ஆராய்ந்த முடிவை வெளியிட்டனர். 59 பேருக்குப் படத்தில் நிலையின்மை தெரிந்தது. ஆனால் நோய் அறிகுறி இருந்தவர்கள் 6 பேர் மட்டுமே. ஒரே குழந்தைக்கு வெவ்வேறு காலத்தில் எடுத்த படங்கள் மாறுபடுவதும் பின்னர்த் தெரியவந்தது. எக்ஸ்-கதிர்ச் சோதனையின் பயன் நிறுவப்படவில்லை என்று 1995இல் அதே கழகம் கூறி, முந்தைய நிலைப்பாட்டைக் கைவிட்டது. அறிகுறி இல்லாத குழந்தைகளுக்கு வழக்கமாகப் படம் எடுக்க வேண்டியதில்லை என 2011இல் அறிவுறுத்தியது.

இன்றைய நிலை

இன்று முதலிடம் பெறுவது அன்றாடக் கவனிப்பு. கழுத்துவலி, தலை ஒருபக்கம் சாய்தல், நடையில் தடுமாற்றம், கைகால் பலவீனம், சிறுநீர், மலம் அடக்க முடியாமை ஆகியவை புதிதாகத் தோன்றினால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். தேவையானால் இரு எலும்புகளையும் இணைக்கும் அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. மயக்க மருந்து கொடுக்கும்போது கழுத்தை அதிகம் வளைக்காமல் பார்த்துக்கொள்வதும் அவசியம். இம்மாற்றங்களை முதலில் காணக்கூடியவர்கள் பெற்றோரும் ஆசிரியர்களுமே.